விருந்தாளிங்களுக்காக சுட்ட நாய் பிஸ்கட்

போன வருஷம் பண்டிகை அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு நான் எங்க இருந்தேன்னா, வெட் கிளினிக் தரையில, புது டிரெஸ்ஸ கசக்கிக்கிட்டு, மடில எங்க நாய் மணிய வச்சுக்கிட்டு. வீட்ல 14 பேர் சாப்டுட்டு கதை பேசிட்டு இருக்காங்க, நான் இங்க இவன் வாந்தி எடுப்பானா மாட்டானானு பாத்துட்டு இருக்கேன். எல்லாத்துக்கும் காரணம் எங்க பெரியப்பா. பாவம் அவர் கெட்டது ஒண்ணும் நினைக்கல, மணி அவர் காலடில உக்காந்து அந்த பார்வைய பாத்துருக்கான், நாய் வச்சிருக்கவங்களுக்கு தெரியும் எந்த பார்வைனு, பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி ஒரு மூஞ்சி, அவரும் மனசு கேக்காம கைல இருந்த ப்ரூட் கேக்ல ஒரு பெரிய துண்டா பிச்சு போட்டுட்டார். போட்டது மட்டும் இல்ல, அரை மணி நேரம் கழிச்சு எல்லார் முன்னாடியும் பெருமையா வேற சொல்றார், "உன் நாய்க்கு கேக் ரொம்ப புடிச்சிருக்கும்மா, திராட்சைய மட்டும் பொறுக்கி பொறுக்கி திங்குறான்"னு.

திராட்சைனு காதுல விழுந்ததும் எனக்கு கை கால் ஓடல. எங்கயோ எப்பவோ படிச்சது, திராட்சை நாய்க்கு ஆகாதுனு, ஆனா எவ்ளோ ஆகாதுனு தெரியாது. டாக்டருக்கு போன் போட்டா அவர் முதல் கேள்வியே "எவ்ளோ நேரம் ஆச்சு"தான், ரெண்டாவது கேள்வி "எத்தன கிலோ இருப்பான்". 10 கிலோ சார்னு சொன்னேன். உடனே கூட்டிட்டு வாங்க, வீட்ல உப்பு கிப்பு கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்கனு சொல்லிட்டு வச்சிட்டார். அந்த உப்பு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, பழைய கை வைத்தியம்னு நினைச்சு செய்வாங்க, வாந்தி வரலேன்னா அந்த உப்பே ரத்தத்துல ஏறி வலிப்பு வர்ற அளவுக்கு கொண்டு போய் விட்டுடும்.

ஊசி போட்டாங்க, வாந்தி எடுத்தான், கேக் அப்டியே வெளிய வந்துச்சு, நான் அதுல உக்காந்து திராட்சை எண்ணிட்டு இருந்தேன் (7 இருந்துச்சு, உள்ள எத்தனை போச்சோ). அப்புறம் ட்ரிப்ஸ், ரத்த டெஸ்ட், ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ரத்த டெஸ்ட். திராட்சைல இருக்க பிரச்சனை என்னன்னா அது கிட்னிய அடிக்கும், அதுவும் சாப்ட உடனே ஒண்ணும் தெரியாது, முதல்ல வாந்தி, சோர்வு, அவ்ளோதான், அப்புறம் ஒண்ணுலேர்ந்து மூணு நாளைக்குள்ள கிட்னி வேலைய நிறுத்த ஆரம்பிக்கும். இன்னொரு கொடுமை, இவ்ளோ சாப்டா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு அளவு கிடையாது. ஒரு நாய் ஒரு கொத்து தின்னுட்டு ஜாலியா ஓடும், இன்னொண்ணு நாலே நாலு தின்னுட்டு படுத்துடும். ரொம்ப வருஷம் ஏன்னே யாருக்கும் புரியல. 2021ல அமெரிக்காவுல இருக்க ஏஎஸ்பிசிஏங்குற விலங்கு நல அமைப்போட நச்சு கட்டுப்பாட்டு மையத்து டாக்டர்கள்தான் டார்டாரிக் ஆசிட் காரணமா இருக்கலாம்னு எழுதுனாங்க, எப்படி கண்டுபுடிச்சாங்கன்னா ஒரு நாய் வீட்ல செஞ்ச விளையாட்டு மாவ தின்னுருக்கு, அதுல க்ரீம் ஆஃப் டார்டார் (அந்த ஆசிட்லேர்ந்து வர்ற, பேக்கிங்குக்கு போடுற வெள்ளை தூள்) நிறைய, திராட்சை தின்ன நாய்க்கு வர்ற அதே கிட்னி பிரச்சனை அதுக்கும் வந்துருக்கு. புளி தின்ன நாய்ங்களுக்கும் இதே மாதிரி ஆயிருக்கு, புளிலயும் அதே ஆசிட்தான். திராட்சைக்கு திராட்சை இந்த ஆசிட் அளவு மாறும், அதான் ஒரு நாய்க்கு ஒத்துக்குது இன்னொண்ணுக்கு ஒத்துக்கலங்குற குழப்பம்னு சொல்றாங்க. க்ரீம் ஆஃப் டார்டார் யார் வீட்ல இருக்கும்? பேக் பண்றவங்க வீட்லதான். என் வீட்டு அலமாரிலயே ஒரு டப்பா இருக்கு.

மணி பொழச்சுட்டான், கிட்னி நல்லா இருக்குன்னு ரிசல்ட் வந்துச்சு. பெரியப்பா அதுக்கப்புறம் ஒரு மாசம் எனக்கு போன் பண்ணல, கோவம் இல்ல, குற்ற உணர்ச்சி.

இந்த வருஷம் பண்டிகை வர்றதுக்கு முன்னாடி யோசிச்சேன், என்ன பண்ணலாம்னு. முதல்ல தோணுனது எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டு விடலாம், நாய்க்கு எதுவும் போடாதீங்கனு. போட்டேன்னு வைங்க, என்ன நடக்கும்? எல்லாரும் சரின்னு கட்டைவிரல் காட்டுவாங்க, வந்ததும் மணி போய் அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவான், "ஒரே ஒரு வாய்தானே"னு 14 பேரும் ஆளுக்கு ஒரு வாய் போடுவாங்க. வீட்டுக்கு வர்றவங்களுக்கு நாய்க்கு எதையாவது ஊட்டி விடணும்னு கை துறுதுறுங்கும், அத தப்புன்னு சொல்ல முடியாது, அதுவும் பாசம்தான். அப்போ அந்த கைக்கு நாமளே ஒண்ண குடுத்துட்டா என்ன? வாசல் பக்கத்துல ஒரு ஜாடி வச்சு, "மணிக்கு ஏதாவது குடுக்கணும்னா இதுலேர்ந்து எடுங்க"னு எழுதி ஒட்டிட்டா? அப்டிதான் நான் நாய் பிஸ்கட் சுட ஆரம்பிச்சேன். மணிக்காகன்னு சொல்லிக்கிட்டேன், உண்மைல விருந்தாளிங்களுக்காக. மணி செருப்ப குடுத்தாலே சந்தோஷமா திம்பான்.

கடைல வாங்கலாமேனு அக்கா கேட்டா. வாங்கலாம், ஆனா என் கையால செஞ்சா உள்ள என்ன இருக்குன்னு எனக்கு தெரியும், அதோட எனக்கு ஓவன பாத்தாலே எதையாவது உள்ள வைக்கணும் போல இருக்கும், அது தனி வியாதி.

முதல் தடவ செஞ்சது படு தோல்வி. கோதுமை மாவு, தண்ணி, கொஞ்சம் கோழி வேகவச்ச தண்ணி (வெங்காயம் பூண்டு உப்பு எதுவும் போடாம வேக வச்சது) அவ்ளோதான், எலும்பு ஷேப்ல வெட்டி, மொறுமொறுன்னு வரணும்னு ஆசைப்பட்டு ஒரு மணி நேரம் சுட்டேன். வந்தது பிஸ்கட் இல்ல, டைல்ஸ். மேஜைல தட்டுனா டக் டக்னு சத்தம். மணி வாய்ல வச்சுட்டு என்னைய பாத்தான், கீழ போட்டான், மோந்தான், மறுபடி எடுத்தான், தோட்டத்துல போய் குழி தோண்டி புதைச்சுட்டு வந்துட்டான். நல்லதுதான் பண்ணான். ரொம்ப கெட்டியா இருக்கத கடிச்சா நாய்க்கு பல் உடைஞ்சுரும், பல் டாக்டருங்க சொல்ற ஒரு சின்ன சோதனை இருக்கு, கட்டைவிரல் நகத்தால அழுத்துனா கொஞ்சமாவது பள்ளம் விழணும், விழலேன்னா அது நாய் பல்லுக்கும் ஜாஸ்தி. என் பிஸ்கட்ல என் நகம்தான் உடைஞ்சுது.

ரெண்டாவது தடவ ஓட்ஸ்க்கு மாறுனேன். சாதா ஓட்ஸ மிக்ஸில மாவா அடிச்சது 200 கிராம், வேகவச்சு மசிச்ச பூசணி 120 கிராம், ஒரு முட்டை, பீநட் பட்டர் 30 கிராம். முடிஞ்சுது. சர்க்கரை இல்ல, உப்பு இல்ல, பேக்கிங் பவுடர் இல்ல, வெண்ணெய் இல்ல, வெனிலா எசென்ஸ் இல்ல (அதுல பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும்). அக்கா பொண்ணு வந்து பாத்துட்டு "சித்தி, இதுல டேஸ்ட்டே இருக்காதே"ங்குறா. நமக்குதான் இருக்காது. மனுஷ நாக்குல சுமார் 9,000 சுவை மொட்டு, நாய் நாக்குல சுமார் 1,700தான். அதுக்கு பதிலா மூக்கு இருக்கு பாருங்க, அது நம்மள விட பல மடங்கு. இவங்களுக்கு சாப்பாடுன்னா முக்கால்வாசி வாசனை. ஓட்ஸும் பீநட் பட்டரும் ஓவன்ல வறுபட்டு வர்ற வாசனைக்கே மணி அடுப்படி வாசல்ல 40 நிமிஷம் அசையாம உக்காந்திருந்தான், கூப்ட்டா கூட திரும்பல. அதனால சர்க்கரைய போட்டு நாம யார சந்தோஷப்படுத்துறோம்னு தெரியல.

பேக்கிங் பவுடர் பத்தி ரெண்டு வரி. சுட்ட பிஸ்கட்ல இருக்க அந்த துளி அளவு பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா டப்பாவோட கவிழ்த்து தின்னுட்டா பிரச்சனை, சில பேக்கிங் பவுடர்ல அந்த க்ரீம் ஆஃப் டார்டாரும் இருக்கும். பிஸ்கட் உப்பி வந்து நாய்க்கு என்ன ஆகப்போகுது, தட்டையா இருந்தா போதும்னு விட்டுட்டேன்.

பூசணின்னா வெறும் பூசணி. டின்ல வர்றதுல ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு வெறும் பூசணி மசியல், இன்னொண்ணு "பை"ங்குற மாவுக்குள்ள வச்சு சுடுற இனிப்புக்குன்னு சர்க்கரையும் ஜாதிக்காயும் மசாலாவும் கலந்தது, ரெண்டு டின்னும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பின்னாடி திருப்பி படிக்காம எடுத்துறக்கூடாது. ஜாதிக்காய்ல மிரிஸ்டிசின்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சமா போனா வயித்தோட போயிரும், நிறைய போனா நாய்க்கு நடுக்கம், குழப்பம், இதயம் படபடனு அடிக்கும். பட்டைத்தூள் ஒரு சிட்டிகை பரவால்ல. பூசணி கிடைக்கலேன்னா சர்க்கரைவள்ளி, கேரட், வாழைப்பழம் எதுனாலும் போடலாம், ஆப்பிள்னா விதையும் நடு தண்டும் எடுத்துட்டு.

பீநட் பட்டர்தான் எனக்கு பயம் காட்டுன ஐட்டம். என் வீட்ல இருந்தது "சர்க்கரை சேர்க்காதது"னு பெருசா போட்ட பாட்டில், ஆஹா நாய்க்கு ஏத்ததுனு எடுத்தேன், சும்மா பின்னாடி படிச்சா சைலிடால்னு ஒரு இனிப்பூட்டி இருக்கு. ரெண்டு நிமிஷம் அந்த பாட்டிலயே பாத்துட்டு நின்னேன். நமக்கு சைலிடால் இந்த மாதிரி பண்ணாது, டயட்ல இருக்கவங்க சர்க்கரைக்கு பதிலா சேர்த்துக்குறாங்க, ஆனா நாயோட கணையம் அத சர்க்கரைனு நினைச்சு இன்சுலின கொட்டு கொட்டுனு கொட்டிடும், ரத்தத்துல இருக்க நிஜ சர்க்கரை தடால்னு இறங்கிடும், சில நேரம் அரை மணிக்குள்ளயே தள்ளாட ஆரம்பிச்சு விழுந்துடும். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் போனாலே இது நடக்கலாம், 0.5 கிராம் தாண்டுனா ஈரலும் போகலாம். மணிக்கு கணக்கு போட்டா வெறும் 1 கிராம். சில சுவிங்கம்ல ஒரே ஒரு துண்டுல அவ்ளோ இருக்கு! எல்லா லேபிள்லயும் சைலிடால்னே போட மாட்டாங்க, சிலதுல பிர்ச் சர்க்கரைனு போட்டிருக்கும், இல்லேன்னா ஈ967னு ஒரு நம்பர் மட்டும். அந்த பாட்டில நான் மேல் தட்டுல ஏத்திட்டு, வெறும் கடலை மட்டும் போட்டு அரைச்சத வாங்கிட்டு வந்தேன். மிக்ஸி இருந்தா உப்பு போடாத வறுத்த கடலைய நீங்களே ஒரு பத்து நிமிஷம் விட்டு விட்டு அரைச்சுக்கலாம், மிக்ஸி மட்டும் சூடாகாம பாத்துக்கோங்க.

சரி செய்முறை. எல்லாத்தையும் ஒண்ணா கலந்து பிசைஞ்சு ஒரு 15 நிமிஷம் அப்டியே விட்டுருங்க, ஓட்ஸ் ஈரத்த இழுத்துக்கும், இல்லேன்னா கையெல்லாம் ஒட்டி பிசாசு மாதிரி ஆயிருவீங்க. அப்பவும் ஒட்டுனா ரெண்டு ஸ்பூன் ஓட்ஸ் மாவு. பட்டர் பேப்பர் ரெண்டுக்கு நடுவுல வச்சு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு உருட்டுங்க, நான் இப்போ எலும்பு ஷேப் எல்லாம் விட்டுட்டேன், பீட்சா கட்டர வச்சு குறுக்கும் நெடுக்குமா 10க்கு 10ஆ ஒரு வெட்டு, 100 சின்ன கட்டம், முடிஞ்சுது வேலை. 175 டிகிரில 20லேர்ந்து 25 நிமிஷம், ஓரம் லேசா சிவக்கும். அப்புறம் ஓவன ஆஃப் பண்ணிட்டு கதவ கொஞ்சூண்டு திறந்து வச்சு உள்ளயே ஒரு மணி நேரம் ஆற விட்டா மொறுமொறுப்பு வரும், ஆனா டைல்ஸ் ஆகாது. ரெண்டு கையால புடிச்சா படக்னு உடையணும், அதான் பதம். பல் போன வயசான நாய்னா இந்த ஆற விடுற வேலையே வேணாம், மெத்துனு இருக்கும்போதே எடுத்துருங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சு நாலு நாள்ல தீத்துருங்க.

100 கட்டம்னு சும்மா சொல்லல. மொத்த மாவுக்கும் கணக்கு போட்டா சுமார் 1,050 கலோரி வருது, ஒரு கட்டம் ஏறக்குறைய 10 கலோரி. மணி சைஸ் நாய்க்கு ஒரு நாளைக்கு 600 சொச்சம் கலோரி போதும், அதுல 10 சதவீதம்தான் இந்த மாதிரி தீனிக்குன்னு டாக்டருங்க சொல்ற கணக்கு, அப்போ 6 கட்டம். ஆறே ஆறு! 14 விருந்தாளி, 6 பிஸ்கட், ஆளுக்கு அரை கூட வராது. இங்கதான் எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு, நாய்க்கு சைஸ் தெரியாது, எத்தனை தடவ கைலேர்ந்து கிடைச்சுதுன்னுதான் தெரியும். 6 கட்டத்த நாலு நாலா உடைச்சா 24 துண்டு. ஜாடில அன்னைக்கு போட்டது அந்த 24 மட்டும்தான், மீதி எல்லாம் ஃப்ரீசர்ல. காலி ஆச்சுன்னா காலி.

"நாய் மாமிசம் திங்குற பிராணி, அதுக்கு போய் மாவா"னு கேக்குறவங்க எப்பவும் ஒருத்தர் இருப்பாங்க, எனக்கு அது என் தம்பி. 2013ல நேச்சர் பத்திரிகைல ஸ்வீடன் ஆராய்ச்சிக்காரங்க எழுதுனத அவனுக்கு காட்டுனேன், மாவுச்சத்த செரிக்க வைக்குற ஏஎம்ஒய்2பி ஜீன் ஓநாய்க்கு ரெண்டு நகல்தான், நாய்க்கு 4லேர்ந்து 30 வரைக்கும் இருக்கு, நம்ம கூட சேர்ந்து நம்ம மிச்சத்த தின்னு தின்னே மாறிருக்கு. அவன் "சரி சரி"னு போயிட்டான், அதுக்காக மாவயே முழு சாப்பாடா போடலாம்னு நான் சொல்லலப்பா, 6 கட்டம்தான் சொல்றேன்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். நாய் பிஸ்கட் செய்றதுல ஆபத்து நாய் பிஸ்கட்ல இல்லவே இல்ல, பக்கத்துல நமக்குன்னு செய்றதுலதான் மொத்தமும். பண்டிகைனா ஓவன் ஒரு தடவ சூடாச்சுன்னா அடுத்தடுத்து எல்லாம் உள்ள போகும், கோகோ குக்கி, திராட்சை கேக், நட்ஸ் போட்டது, ஈஸ்ட் போட்ட பன்னு. கோகோ பவுடர எடுத்துக்கோங்க. அதுல இருக்க தியோப்ரோமின்ங்குற பொருள நம்ம உடம்பு சீக்கிரம் கழிச்சுடும், நாய் உடம்புல 17 மணி நேரம் ஆனாலும் பாதி அப்டியே கிடக்கும். நாயோட எடைல ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோப்ரோமின் போனா வாந்தி பேதி பதட்டம் ஆரம்பிக்கும், 40 50க்கு மேல இதயத்துக்கு வந்துரும், 60ல வலிப்பு. மில்க் சாக்லேட்டுனா மணி 100 கிராம் தின்னாதான் அந்த முதல் கோட்ட தொடுவான், கோகோ பவுடர்னா 10 கிராம் போதும், ஒன்றரை ரெண்டு டேபிள்ஸ்பூன்தான். கிண்ணத்த நக்க விட்டாலே முடிஞ்சுது கதை. சாக்லேட் நாய்க்கு ஆகாதுனு எல்லாருக்கும் தெரியும், ஆனா பார்சல்ல இருக்க சாக்லேட்டுக்கு பயப்படுற நாம, மேஜைல கொட்டுன கோகோவுக்கு பயப்படுறது இல்ல.

அதே மாதிரி உப்பி வர மூடி வச்ச ஈஸ்ட் மாவு. நாய் வயிறு கதகதப்பா இருக்கா, மாவு அங்க போயும் உப்பும், வயிறு உப்பி ஒரு பக்கம், அந்த ஈஸ்ட் உண்டாக்குற ஆல்கஹால் ரத்தத்துல கலந்து போதை இன்னொரு பக்கம். மக்கடாமியா நட்ஸ் தின்னா பின்னங்கால் ரெண்டும் வலுவில்லாம இழுக்கும், பாக்கவே பயங்கரமா இருக்குமாம், ஆனா பெரும்பாலும் ரெண்டு நாள்ல சரியாயிரும். பிள்ளைங்க தொங்க விட செய்வாங்களே, மைதாவும் உப்பும் தண்ணியும் பிசைஞ்சு சுட்ட பொம்மை, அது அலங்காரம்னு நாம நினைக்குறோம், நாய்க்கு அது உப்பு பிஸ்கட், ஒரு பொம்மைல இருக்க உப்பு சின்ன நாய்க்கு ரொம்ப ரொம்ப அதிகம்.

அதனால நான் வச்சுக்கிட்ட வழக்கம், நாய் பிஸ்கட் முதல் நாள், நமக்கு செய்றது மறுநாள். ஒரே நாள்ல செஞ்சா முதல்ல அவனோடது, ட்ரே கழுவுன ட்ரே, கரண்டி தனி, புது பட்டர் பேப்பர். நமக்கு செய்யும்போது அவன் வேற ரூம்ல, கதவு சாத்தி. மணி கதவு அடில மூக்க விட்டு பெருமூச்சு விடுவான் பாருங்க, ஸ்ஸ்ஸ்னு, வீட்டுக்கே கேக்கும், மனச கல்லாக்கிட்டு கோகோவ சலிப்பேன். நாய் பிஸ்கட்ட நம்ம குக்கி கட்டரால வெட்டாதீங்க, இதையும் சொல்லணும், ஒரே ஷேப்ல இருந்தா யாராவது மாத்தி போட்டுடுவாங்க. என் சதுர கட்டம் அழகா இல்ல, ஆனா யாரும் குழம்ப மாட்டாங்க.

அழகா இல்லன்னு அக்கா பொண்ணுக்கு ஒரே குறை. "சித்தி பண்டிகைக்கு ஐசிங் வேணும்"னு அடம். சரின்னு சர்க்கரை இல்லாத கெட்டி தயிர்ல (அது லேபிளும் படிக்கணும், இனிப்பூட்டி இருக்கானு) கொஞ்சம் கார்ன்ஃப்ளார் கலந்து, பாதிய பீட்ரூட் சாறு விட்டு ரோஸ் ஆக்குனோம். பால் நிறைய போனா நிறைய நாய்க்கு வயித்தால போகும், தயிர் ஒரு துளிங்குறதால பரவால்ல. சாக்லேட் கலர் வேணும்னா கரோப்ங்குற மரத்து காய்ல செஞ்ச தூள் போடலாம், பாக்க கோகோ மாதிரியே இருக்கும், தியோப்ரோமின் கிடையாது. ஆனா நான் அத வாங்கல, ஏன்னா அத பாத்துட்டு "ஓ மணி சாக்லேட் சாப்புடுவானா"னு அடுத்த ஆள் நிஜ சாக்லேட்ட குடுப்பாங்க. ரோஸ் ஐசிங் நல்லாதான் வந்துச்சு, காய வச்சு எடுத்து மணிக்கு ஒண்ணு குடுத்தோம், அவன் அத நேரா எடுத்துட்டு போய் வெள்ளை சோபா மேல ஏறி உக்காந்து நக்கு நக்குனு நக்கி, கர்ச்சீப் அளவுக்கு ஒரு ரோஸ் கறை. மோவாயெல்லாம் சிவப்பு, உள்ள வந்த என் வீட்டுக்காரர் ரத்தம்னு நினைச்சு கத்திட்டார்.

பீட்ரூட்டுக்கும் நாய் பிஸ்கட்டுக்கும் பழைய சொந்தம் இருக்கு தெரியுமா. 1860 வாக்குல ஜேம்ஸ் ஸ்ப்ராட்னு ஒரு அமெரிக்கர், இடிதாங்கி விக்க லண்டன் போனவர், துறைமுகத்துல கப்பல்காரங்க தூக்கி போட்ட காஞ்ச பிஸ்கட்ட நாய்ங்க அடிச்சுக்கிட்டு திங்குறத பாத்துருக்கார்னு சொல்வாங்க, அங்கதான் அவருக்கு பொறி தட்டிருக்கு, கோதுமை, காய், பீட்ரூட், மாட்டிறைச்சி சேர்த்து நாய்க்குன்னே பிஸ்கட் போட்டு விக்க ஆரம்பிச்சார். அந்த கம்பெனில வேலை பாத்த சார்லஸ் க்ரஃப்ட்டுங்குறவர்தான் பின்னாடி 1891ல க்ரஃப்ட்ஸ் நாய் கண்காட்சிய ஆரம்பிச்சது. அவங்க பிஸ்கட்டும் டைல்ஸ் மாதிரிதான் இருந்திருக்கும், கப்பல் பிஸ்கட் பரம்பரைல்ல.

பண்டிகை அன்னைக்கு ஜாடி வாசல்ல. பக்கத்துல போர்டு, அக்கா பொண்ணு எழுதுனது, "என் பேர் மணி, எனக்கு இது மட்டும் குடுங்க, வேற குடுத்தா டாக்டர் ஊசி போடுவார்". வந்தவங்க எல்லாம் படிச்சுட்டு சிரிச்சுட்டு ஒரு துண்டு எடுத்து குடுத்துட்டுதான் உள்ளயே போனாங்க, மணிக்கு வாசல்ல நின்னா வருமானம்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சு போச்சு, சாப்பாட்டு மேஜை பக்கமே வரல, ரிசப்ஷன்ல நிக்குற மாதிரி வாசல்லயே டூட்டி. இது நான் எதிர்பாக்கவே இல்ல. பெரியப்பா வந்தார், ஜாடிய பாத்தார், என்னைய பாத்தார், "இதுல திராட்சை இல்லையே"னு மெதுவா கேட்டார். இல்ல பெரியப்பானு சொன்னேன். ஒரு துண்டு எடுத்து முதல்ல அவர் வாய்ல போட்டு மென்னு பாத்துட்டு, "உப்பு பத்தல"னு சொல்லிட்டு, அடுத்தத மணிக்கு குடுத்தார். 24ல ஒண்ணு அவர் கணக்கு.

பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒரு பொட்டலம் கட்டி குடுத்தேன், அங்க ஒரு சிக்கல் வந்துச்சு, அவங்க நாய்க்கு முட்டை ஆகாதாம், தோல் அரிக்குமாம். நாய்ங்களுக்கு உணவு அலர்ஜில அதிகமா வர்றது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமைனுதான் நான் படிச்சிருந்தேன், முட்டைனு கேக்கவே தோணல. அடுத்து யாருக்கு குடுத்தாலும் பொட்டலத்து மேலயே உள்ள என்னென்ன இருக்குனு எழுதி, சுட்ட தேதியும் போட்டு குடுக்குறதுனு வச்சிருக்கேன். கணையத்துல ஒரு தடவ வீக்கம் வந்த நாயா இருந்தா பீநட் பட்டர் மாதிரி கொழுப்பு உள்ளது டாக்டர கேக்காம குடுக்கவே கூடாது, அதையும் கேட்டுக்குறேன்.

தேதி ஏன்னா இதுல ப்ரிசர்வேடிவ் எதுவும் இல்ல. நல்லா காஞ்சத காத்து போகாத டப்பால ஒரு வாரம் பத்து நாள் வைக்கலாம், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர், அங்க ரெண்டு மூணு மாசம் தாங்கும். பூஞ்சை புடிச்சத "நாய்தானே"னு போடாதீங்க, சில பூஞ்சைல நடுக்கமும் வலிப்பும் வர வைக்குற விஷம் இருக்கு. இத நான் எழுதிட்டு இருக்கும்போதே சோபா குஷன எடுத்து கீழ பாத்தேன், அந்த ரோஸ் கறைய மறைக்க திருப்பி போட்ட குஷன், அடில மூணு துண்டு பத்திரமா ஒளிச்சு வச்சிருக்கான், ஒண்ணுல பச்சையா முடி முளைச்சிருக்கு. எடுத்து குப்பைல போட்டேன். மணி பாத்துட்டே இருந்தான், இப்போ குப்பை டப்பா பக்கத்துல போய் உக்காந்துருக்கான், அதே பார்வை. நான் போய் மூடிய இறுக்கிட்டு வர்றேன்.